ஒரு பல் வெட்டாத சாவி

தலையணையின் மேல் ஒரு பல் செட் சிரித்துக்கொண்டிருந்தது.

மேல் வரிசை, கீழ் வரிசை, ரோஸ் நிற ஈறு, எல்லாம் பளிச்சென்று இருந்தன. படுத்திருந்தவர் எழுந்து போகும்போது சிரிப்பை மட்டும் மறந்து வைத்துவிட்டார் போல. கொழுந்தன் அதைப் பார்த்தான். அது அவனைப் பார்த்தது. முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டது அவன்தான்.

"அண்ணி, இங்க ஏற்கெனவே ஆள் படுத்திருக்கு. நாம அப்புறமா வருவோம்."

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். கொழுந்தனுக்கு வாய் திறந்துகொள்ளும். நாற்பத்து நான்கு வயது, நல்ல தொப்பை, நாய் குரைத்தால் எதிர்ச் சாரிக்குப் போகும் சுபாவம். இப்படிப்பட்டவன் துப்பறியும் தொழிலுக்கு வந்ததற்கு ஒரே காரணம் அவனுடைய அண்ணி. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தவள். இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. கொழுந்தனும் வேலையில்லாமல் காலியாக இருந்தான்.

அண்ணி அவனை "கொழுந்தனாரே" என்று கூப்பிட்டால் கிண்டல். "தம்பி" என்று கூப்பிட்டால் ஆபத்து. இதுவரை இரண்டுமே வரவில்லை. அவள் குனிந்து அந்தப் பல் செட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உன்னோடதாம்மா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

வாசலில் நின்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். இந்த ஆறாம் எண் வீடு அவளுடையதுதான். ஆனாலும் உள்ளே வராமல், நிலைக்கு அந்தப் பக்கமே நின்றாள். பக்கத்துத் தெருவில் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. சட்டைக் கையில் இன்னும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது.

"நான் செஞ்சதுதான் மேடம். சாம்பிளுக்கு வச்சிருந்தேன். மேசை டிராயர்ல, துணியில சுத்தி. மத்தியானம் சாப்பிட வந்தேன், இங்க இருக்கு." குரல் ரகசியம் பேசுகிற மாதிரி இறங்கியே இருந்தது. "எட்டு நாளா இப்படித்தான். முதல் நாள் டம்ளரெல்லாம் கவுத்து வச்சிருந்துச்சு. சரி, நான்தான் மறந்துட்டேன்னு விட்டேன். அப்புறம் கண்ணாடியைச் சுவத்துப் பக்கமாத் திருப்பி. அப்புறம் ஒரு நாள் நாற்காலியை எடுத்து நடுவுல போட்டு, கதவைப் பார்த்த மாதிரி. யாரோ உக்காந்து நான் வர்றதுக்காகக் காத்திருந்த மாதிரி."

"எதாவது திருடு போச்சா?"

"இல்ல மேடம். போயிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

கொழுந்தனுக்கு அந்தப் பதில் முதுகில் ஈரத்துணி வைத்தது போல இருந்தது. திருடன் என்றால் அவனுக்கும் ஒரு அவசரம் உண்டு, வீட்டுக்குப் போக வேண்டும். எதுவும் எடுக்காதவன் எப்போது போவான்?

அண்ணி ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தாள். பூட்டைத் தடவினாள். கீறல் இல்லை.

"சாவி போட்டுத் திறந்து, சாவி போட்டுப் பூட்டிட்டுப் போறான். யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"இல்ல" என்றாள் அந்தப் பெண், கேள்வி முடிவதற்குள்.

அண்ணி தலையசைத்தாள். பிறகு பல் செட்டைக் கைக்குட்டையால் எடுத்து டிராயரில் வைத்து மூடினாள். மூடிய பிறகும் அது உள்ளே சிரித்துக்கொண்டிருப்பதாகவே கொழுந்தனுக்குப் பட்டது.

*

கட்டடத்தில் எட்டு வீடுகள். கீழே இரண்டு, நடுமாடியில் இரண்டு, மேல்மாடியில் ஐந்து முதல் எட்டு வரை வரிசையாக நான்கு. ஐந்து மட்டும் மூன்று மாதமாகக் காலி. இதையெல்லாம் சொன்னவர் கட்டட மேனேஜர். அவருடைய அறையில் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு சாவி, பெட்டி மேல் கையெழுத்துப் போட்டு ஒட்டிய காகிதம்.

"மாஸ்டர் சாவி" என்றார், குழந்தையின் மார்க்கைக் காட்டுகிற அப்பா மாதிரி. "எட்டு வீட்டுக்கும் எட்டுப் பூட்டு, எட்டுச் சாவி. ஒண்ணு இன்னொண்ணுக்குப் போடாது. ஆனா இது எல்லாத்தையும் திறக்கும். ஒட்டின காகிதம் கிழியல பாருங்க. நாலு வருஷ தூசி மேலயே இருக்கு."

"தூசிக்கும் நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களா சார்?" என்றான் கொழுந்தன்.

மேனேஜர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "எங்க பூட்டு சாதாரணப் பூட்டு இல்ல. ரெண்டு பக்கமும் சாவித் துவாரம். வெளியேருந்து பூட்டினா, உள்ள இருக்கிறவங்களும் சாவி இல்லாமத் திறக்க முடியாது. அவ்வளவு பாதுகாப்பு."

"யாருக்கு?" என்றாள் அண்ணி.

மேனேஜருக்குக் கேள்வி புரியவில்லை. அண்ணி அதை விளக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

"பெட்டியிலிருக்கிற சாவி வெளியே வரல. ஆனா மாஸ்டர் சாவி ஒண்ணு வெளியே திரியுது" என்றாள் தெருவில் நடந்தபடி. "அப்படின்னா யாரோ புதுசா ஒண்ணு செஞ்சிருக்காங்க."

"பார்க்காத சாவியை எப்படி அண்ணி செய்ய முடியும்?"

"அதைத்தான் கேட்கப் போறோம்."

*

அந்த வட்டாரத்தில் சாவிக் கடை ஒன்றுதான். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், பீரோ அகலத்தில் ஒரு பெட்டிக் கடை. சாவிக்காரர் உள்ளே உட்கார்ந்திருந்தாரா, அல்லது அவரைச் சுற்றிக் கடையைக் கட்டினார்களா என்று சொல்ல முடியாது. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கின.

"இந்த மாதிரிச் சாவிக்கு யாராவது காப்பி போட வந்தாங்களா?" அண்ணி ஆறாம் வீட்டுப் பெண்ணிடம் காகிதத்தில் வரைந்து வாங்கிவந்த சாவித் தலையின் படத்தை நீட்டினாள்.

சாவிக்காரர் பார்த்தவுடன் சிரித்தார். "அந்தக் கிறுக்கா!"

"எந்தக் கிறுக்கு?"

"ஒரு மாசம் இருக்கும். ஒரு சாவியைக் கொடுத்து அஞ்சு காப்பி வேணும்னு எழுதிக் காட்டினாங்க. சரி, அஞ்சு போடலாம். ஆனா எப்படி? சாவியில அஞ்சு பல். ஒவ்வொரு காப்பியிலயும் நாலு பல்லைத்தான் வெட்டணும். ஒரு பல்லை வெட்டாம முழுசா விட்டுடணும். முதல் காப்பியில முதல் பல், ரெண்டாவதுல ரெண்டாவது பல், இப்படி. அஞ்சுல ஒண்ணுகூட எந்தப் பூட்டுக்கும் போடாது! திறக்காத சாவி கேட்டு வந்த ஆளை இந்தத் தொழில்ல இப்பத்தான் பார்க்கிறேன்."

அண்ணியின் முகத்தில் அசைவு நின்றது. கொழுந்தனுக்கு அந்த முகம் தெரியும். அவள் யாரையோ பிடித்துவிட்டால் அப்படித்தான் ஆகும்.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்றான்.

"அன்னிக்குச் செம மழை. தலையில ஹெல்மெட், மூஞ்சில மாஸ்க், மழைக்கோட்டு. வாயே திறக்கல. உள்ள ஆள் இருந்துச்சாங்கிறதே எனக்குச் சந்தேகம்."

கொழுந்தன் திரும்பி ஒருமுறை தெருவைப் பார்த்துக்கொண்டான். ஹெல்மெட் போட்ட எல்லோரும் அவனையே பார்த்துப் போவதாகத் தோன்றியது.

"அஞ்சும் ஒழுங்கா வந்துச்சா?" என்றாள் அண்ணி.

சாவிக்காரர் காதைச் சொறிந்தார். "முதல் சாவியில ஒரு தப்பு. கைப் பழக்கம்மா. இருபத்தஞ்சு வருஷமா அஞ்சு பல்லும் வெட்டியே பழகின கை. விட வேண்டிய பல்லையும் சேர்த்து வெட்டிடுச்சு. அவங்க தலையாட்டித் தள்ளிட்டாங்க. வேற போட்டுக் கொடுத்தேன். அந்தச் சாவி இந்தா, ஆணியில கிடக்கு. தூக்கிப் போட மனசு வரல, நல்ல சாவியாச்சே."

அண்ணி அதைக் கேட்டு வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இரண்டு கடை தள்ளி வந்ததும் நின்றாள்.

"கொழுந்தனாரே, அந்த ஆள் கிறுக்கு இல்ல. மாஸ்டர் சாவி இருக்கிற கட்டடத்துல ஒவ்வொரு பூட்டும் ரெண்டு சாவிக்குச் சம்மதிக்கும். வீட்டுக்காரர் சாவி, மாஸ்டர் சாவி. அப்போ ஒவ்வொரு பல்லுக்கும் பூட்டு ரெண்டு ஆழத்தை ஏத்துக்கும். நாலு பல்லை உங்க வீட்டுச் சாவி மாதிரியே வச்சுக்கிட்டு, வெட்டாத பல்லை மட்டும் துளித்துளியா அராவி, உங்க கதவுலயே போட்டுப் போட்டுப் பாருங்க. ரெண்டு ஆழத்துல திறக்கும். ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சது. இன்னொண்ணு?"

"மாஸ்டரோடது" என்றான் கொழுந்தன். அவனுடைய குரலே அவனுக்கு யாரோ பேசியது போலக் கேட்டது.

"அஞ்சு சாவி, அஞ்சு பல். கிடைச்ச அஞ்சு ஆழத்தையும் ஒரே சாவியில கொண்டுவந்தா அதுதான் மாஸ்டர். பொறுமை இருந்தாப் போதும். அடுத்தவன் கதவை ஒரு தடவைகூடத் தொட வேண்டாம். தன் கதவுக்கு முன்னால நின்னு அராவிக்கிட்டே இருந்தா, எல்லாக் கதவும் திறந்துடும்."

"அப்போ ஆள் இந்தக் கட்டடத்துலயே குடியிருக்கான்."

"ஆமா. இந்தச் சாவிக்காரர் கை தவறி வெட்டினது எதைன்னு யோசிங்க. அஞ்சு பல்லும் சரியா வெட்டின சாவி. அதாவது, அந்த ஆளோட சொந்த வீட்டுச் சாவி." அவள் அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "எந்தக் கதவு திறக்குதோ, அதுதான் வீடு."

கொழுந்தன் உள்ளங்கையைப் பார்த்தான். அதில் தேள் இருந்திருந்தால் உதறிவிட்டு ஓடியிருக்கலாம். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டிருக்கும்.

"நானா?"

"நான் மாடிப்படியில நின்னு யாராவது வர்றாங்களான்னு பார்க்கிறேன்."

"திறந்துச்சுன்னா என்ன பண்ணணும்?"

"ஓடி வாங்க."

"திறக்கலைன்னா?"

"நடந்து வாங்க."

*

கீழ் வீடுகள் இரண்டும் திறக்கவில்லை. நடுமாடியில் இரண்டும் இல்லை. சாவி உள்ளே போயிற்று, திரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் கொழுந்தன் மூச்சைப் பிடித்து, சாவியை உருவி, மூச்சை விட்டான். நான்கு கதவுக்குள் அவனுக்கு ஒரு மைல் ஓடிய களைப்பு.

மேல்மாடி நடையில் ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் கண் சிமிட்டிக்கொண்டே. வெளியே மாலை நாலு மணி வெயில் அடிப்பதை இங்கே யாரும் நம்பமாட்டார்கள்.

ஐந்தாம் எண். காலி வீடு. சாவி பாதி போய் எதிலோ முட்டி நின்றது. அழுத்தினான். அசையவில்லை. துரு பிடித்திருக்கும் என்று விட்டான்.

ஆறாம் எண் பல் செட் செய்யும் பெண்ணின் வீடு. உள்ளே பூட்டிக்கொண்டு இருக்கச் சொல்லியிருந்தார்கள். அதைத் தாண்டினான்.

ஏழாம் எண். சாவி முழுதாக உள்ளே போயிற்று. திருப்பினான். திரும்பவில்லை. உருவப் போனபோது, சாவித் துவாரத்துக்கு அந்தப் பக்கம், அவன் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.



"இன்னைக்கு வேண்டாம்" என்றது ஒரு குரல். காற்றை விட மெல்லிசாக. "போயிடு."

எட்டாம் கதவுக்குத் தான் எப்படிப் போனோம் என்று பிற்பாடு கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. உள்ளே ஒரு குழந்தை அழுதது, டிவி ஓடியது. அந்தச் சத்தம் அவனுக்கு அம்மா மடி போல இருந்தது. சாவி திரும்பவில்லை. சாவியை உருவிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தான்.

"அண்ணி, ஏழாம் வீட்டுக் கதவு என்கிட்டப் பேசுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"இன்னைக்கு வேண்டாமாம். நாளைக்கும் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். வேலையை விட்டுடறேன் அண்ணி. ஜெராக்ஸ் கடையில ஆள் கேட்டாங்க."

அண்ணி சிரிக்கவில்லை. "எட்டுக் கதவும் போட்டுப் பார்த்தீங்களா?"

"ஏழு. ஒண்ணும் திறக்கல. சாவிக்காரர் நம்மளை ஏமாத்திட்டாரு."

"எட்டாவது?"

"ஆறா? அது நம்மளைக் கூப்பிட்டவங்க வீடு அண்ணி."

"வாங்க தம்பி" என்றாள் அண்ணி.

ஆறாம் கதவில் சாவி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. திருப்பினான். திரும்பியது. கதவு திறந்தது.

உள்ளே அந்தப் பெண் நின்றிருந்தாள். கையில் விரல் நீளத்தில் ஒரு மெல்லிய அரம், கத்தி பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். கொழுந்தன் போட்ட கத்தலை அண்ணி அவன் வாய்க்குள்ளேயே கையால் அடைத்தாள்.

*

கதவை மூடிய பிறகு அண்ணி கேட்டது ஒன்றுதான். "எத்தனை நாள் ஆச்சு, அராவி முடிக்க?"

அந்தப் பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஒன்பது நாள். எங்க வேலையே அதுதான் மேடம். கொஞ்சம் அராவு, வாயில வச்சுப் பாரு, கொஞ்சம் அராவு. தினமும் செய்றதுதானே." அரத்தைக் கீழே வைத்தாள். "திருடறதுக்கு இல்ல."

"தெரியும். ஏழாம் வீட்டுக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அணை உடைந்தது போல, ஆனால் அதே ரகசியக் குரலில் வந்தது.

ஏழாம் வீட்டில் புருஷன், பெண்டாட்டி. அவன் காலையில் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். இந்தப் பெண் குடிவந்த முதல் வாரமே சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. இவளும் தட்டினாள். அப்படித்தான் பழக்கம். போலீசுக்குச் சொன்னாள், சாயங்காலம் வந்தார்கள். அவன் கதவை அகலத் திறந்து சிரித்துக்கொண்டு நின்றான், பெண்டாட்டி பக்கத்தில் நின்று ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். மேனேஜர், புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், தலையிடாதீங்க என்றார்.

"அதனாலதான் சாவி செஞ்சேன். அவன் வேலைக்குப் போன நேரம் போய்த் திறந்தேன் மேடம். வா, போயிடலாம்னேன். அந்தப் பொண்ணு என்னையே பார்த்துச்சு. அப்புறம் அதுவே கதவை உள்ளேருந்து தள்ளிச் சாத்திடுச்சு. வெளியே வரப் பயம். சரி, உனக்கு எப்ப தோணுதோ அப்ப வான்னு, கதவைப் பழையபடி பூட்டி, அடியில சாவியைத் தள்ளிவிட்டுட்டு வந்துட்டேன்." அவள் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "ரெண்டாம் நாள் என் டம்ளரெல்லாம் கவுந்திருந்துச்சு."

கொழுந்தனுக்கு மெல்லப் புரிந்தது. சாவி அந்தப் புருஷன் கைக்குப் போய்விட்டது. நீ என் கதவைத் திறந்தாய், நான் உன் கதவைத் திறக்கிறேன். இன்றைக்குப் பல் செட். அடுத்தது உன் பல் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறான். இவளோ வெளியே சொல்ல முடியாது. திருட்டுச் சாவி செய்தவள் இவள்தானே. அதனால்தான் போலீசுக்குப் போகாமல், பாதியை மறைத்து இவர்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"எனக்கு என்னைப் பத்திக் கவலை இல்ல சார்" என்றாள் அவள் கொழுந்தனைப் பார்த்து. கண் நிரம்பியது. "நேத்துலேருந்து சுவத்துல சத்தமே இல்ல. நான் தட்டறேன், பதில் வரல. அவன் அதை என்ன பண்ணிட்டானோன்னு..."

"இருக்காங்க!" என்றான் கொழுந்தன். அதுவரை அந்தக் குரலை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தவன், இப்போது அதை யாருக்காவது கொடுத்துவிடத் துடித்தான். "நான் இப்பத்தான் கேட்டேன். கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறாங்க. இன்னைக்கு வேண்டாம், போயிடுன்னாங்க. நீங்கதான் வந்திருக்கீங்கன்னு நினைச்சுட்டாங்க போல."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொழுந்தன் கைக்குட்டையைத் தேடி எடுத்து நீட்டினான். நல்ல சேதி சொல்லிப் பழக்கம் இல்லாதவன்.

அண்ணி மட்டும் அசையவில்லை. "இன்னைக்கு வேண்டாம்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "என்னைக்கும் வேண்டாம்னு சொல்லல. இன்னைக்குன்னு சொல்லியிருக்கா. இன்னைக்கு மட்டும் என்ன?" சட்டென்று குரலைத் தணித்தாள். "தம்பி. ஏழு கதவுலயும் சாவி உள்ள போச்சா?"

"போச்சு, திரும்பல. அஞ்சுல மட்டும் பாதியிலயே முட்டிடுச்சு. காலி வீடு, துரு பிடிச்சு..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. அண்ணியின் கண் இடது பக்கச் சுவரின் மேல் நின்றுவிட்டது. ஐந்தாம் வீட்டுச் சுவர்.

"ரெண்டு பக்கமும் துவாரம் உள்ள பூட்டு" என்றாள், உதடு மட்டும் அசைய. "உள்பக்கம் சாவி சொருகியிருந்தா, வெளிச் சாவி பாதியிலதான் நிக்கும். காலி வீட்டுக்குள்ளேருந்து சாவி போட்டுப் பூட்டியிருக்கிறது யாரு?"

  ஏழாம் வீட்டுக்காரன் வேலைக்குப் போகவே இல்லை. போகிற மாதிரிப் போய், காலி வீட்டில் உட்கார்ந்து, தன் கதவைத் திறக்க இவள் வருவாள் என்று காத்திருக்கிறான். அது பெண்டாட்டிக்கும் தெரியும். போயிடு என்று அவள் சொன்னது மிரட்டல் இல்லை.

கொழுந்தன் அந்த ஐந்தாம் துவாரத்தில் தான் சாவியை விட்டு அழுத்தியதை நினைத்தான். அழுத்தியபோது அந்தப் பக்கம் ஒருவன் நின்று, சாவி முட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். 

"அண்ணி" என்றான் ரகசியமாக. "நாம மூணு பேர் இருக்கோம், அவன் ஒருத்தன்தான். ஆனா என்னைக் கணக்குல சேர்க்காதீங்க."

*

அண்ணி ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். பத்து நிமிஷம் என்றார்கள். "பத்து நிமிஷம் அவன் பொறுக்க மாட்டான்" என்றாள். "ஆம்பளைக் குரல் கேட்டிருக்கான். அடுத்து அவன் போறது ஏழாம் வீட்டுக்குத்தான், அவளை இழுத்துக்கிட்டுக் கிளம்ப. இப்பவே அந்தக் கதவு திறக்கணும்."

"சாவிதான் அவன்கிட்ட இருக்கே!"

பல் செட் செய்யும் பெண் கழுத்திலிருந்து ஒரு கயிற்றை இழுத்தாள். நுனியில் ஒரு பித்தளைச் சாவி. "பட்டறையில வார்த்து ரெண்டு செஞ்சேன் மேடம். வாயில போடறதுக்கு முன்னாடி உடைஞ்சா என்ன பண்றது? நாங்க எப்பவும் ரெண்டாத்தான் செய்வோம். முதல்ல செஞ்சது அவன்கிட்ட இருக்கு. அது அவ்வளவு சரியா வரல, சாவியோட கழுத்துப் பக்கம் கொஞ்சம் அதிகமா அராவிட்டேன்."

கட்டில் விரிப்பை உருவினார்கள். கதவுகள் எல்லாம் உள்பக்கம் திறப்பவை. ஐந்தாம் கதவின் கைப்பிடியில் விரிப்பின் ஒரு நுனியை முடிந்து, மறுநுனியை எதிரே மாடிப்படிக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போட்டது அண்ணி. பிடிக்க நின்றது கொழுந்தன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவனுடைய உடம்பில் பயன்படுகிற ஒரே விஷயம் எடைதான்.

குழல்விளக்கு சிமிட்டியது. ஏழாம் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் கதவுக்குள்ளும் அதே நேரத்தில் கேட்டது.

கைப்பிடி இறங்கியது. கதவு ஒரு விரற்கடை உள்ளே போய், விரிப்பு விறைத்து நின்றது. கொழுந்தன் கம்பியில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். கதவு திரும்பவும் நிலையில் மோதியது. உள்ளே அவன் எதுவும் பேசவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மூச்சு மட்டும் கேட்டது, பிறகு ஒரு இழுப்பு, பிறகு இன்னொன்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பலமாக.

"வாம்மா! சீக்கிரம்!" பல் செட் பெண்ணின் குரல். ஏழாம் கதவு திறந்திருந்தது. வாசற்படிக்கு உள்ளே ஒரு பெண் நின்றாள். ஒல்லி. இரண்டு கையாலும் நிலையைப் பிடித்திருந்தாள். வெளியே வருவதற்கா, வராமலிருப்பதற்கா என்று தெரியவில்லை.

அண்ணி கையை நீட்டினாள். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஐந்தாம் கதவைப் பார்த்தாள். கால் நகரவில்லை.

விரிப்பு அரை அடி நழுவியது. கொழுந்தனின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தங்கச்சி, நீங்க நிதானமா யோசிங்க, அவசரம் இல்ல! ஆனா ஒண்ணு சொல்லிடறேன், நான் பலசாலி இல்ல. பார்த்தா அப்படித் தெரியும், எல்லாம் உக்காந்து சாப்பிட்ட உடம்பு. மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். இந்த ஆளை இன்னும் ஒரு நிமிஷம் பிடிப்பேன், அப்புறம் நானும் உங்களை மாதிரி ஒரு வீட்டுக்குள்ள போய்ப் பூட்டிக்குவேன். எனக்குப் பயமா இருக்கும்மா. நிஜமாவே பயமா இருக்கு. கொஞ்சம் வந்து பிடிங்களேன்!"

அப்படிச் சொல்ல அவன் நினைக்கவில்லை. அது அவனுக்கே தெரியாமல் வந்த உண்மை.

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். இத்தனை பெரிய உடம்பு நடுங்குவதை அவள் பார்த்ததே இல்லை போலிருந்தது. நிலையிலிருந்து ஒரு கை விடுபட்டது. பிறகு இன்னொன்று. அவள் வாசற்படியைத் தாண்டினாள். அண்ணியைத் தாண்டினாள். மாடிப்படிப் பக்கம் ஓடுவாள் என்று எல்லோரும் நினைத்தபோது, நேரே வந்து கொழுந்தனுக்குப் பக்கத்தில் நின்று விரிப்பைப் பிடித்தாள். பல் செட் பெண் அவளுக்குப் பின்னால். அண்ணி கடைசியில்.

நாலு பேரும் சாய்ந்தார்கள். கதவு நிலையோடு இறுகியது.

கீழே தெருவில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. அது உள்ளேயும் கேட்டிருக்க வேண்டும். இந்தப் பக்கமிருந்து யாரும் நுழையக் கூடாது என்றோ என்னவோ, அவன் அவசரமாகச் சாவியைத் திருப்பிப் பூட்டினான். தாழ் விழுந்தது. உடனே மனசு மாறித் திறக்கப் போனான். இறுகிய கதவில் தாழ் கவ்விக்கொண்டது. பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினான்.

டக்.

சின்னச் சத்தம்தான். கழுத்தில் உடைந்த சாவித் தலை தரையில் விழுந்து சுழன்று அடங்கியது வெளியே வரை கேட்டது.

 கைப்பிடி மேலும் கீழும் ஆடியது, பிறகு நின்றது. அப்போதுதான் அவன் முதல்முறையாகப் பேசினான். தினமும் சாப்பாடு கேட்கிற மாதிரி, சர்வசாதாரணமான குரல்.

"அங்கதான நிக்கிற? கதவைத் திற."

அவள் விரிப்பை விட்டாள்.  அவள் ஐந்தாம் கதவுக்குப் பக்கத்தில் போய், சாவித் துவாரத்துக்கு நேரே குனிந்தாள். பழகிய மரியாதை மாறாமல், மெதுவாகச் சொன்னாள்.

"எங்கிட்டச் சாவி இல்லைங்க."